அடுத்து உட்காருபவருக்காக

"ஏங்கண்ணு, இந்தக் கொறடு எனக்கு முன்னால ஆரு வாய்க்குள்ள போயிட்டு வந்துது?"

காங்கேயம் பக்கமிருந்து மகன் வீட்டுக்கு வந்திருந்த ஓர் ஆத்தா கேட்டது இது. கடைவாய்ப் பல்லை எடுத்துவிட வந்து நாற்காலியில் சாய்ந்திருந்தார். நான் ட்ரேயைக் கொண்டுவந்து வைத்ததும் ஃபோர்செப்ஸைக் கண்ணால் காட்டிக் கேட்டார். 1996ஆம் வருடம். நான் வேலைக்குச் சேர்ந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை.

"நல்லாக் கழுவி வச்சிருக்குதுங்க ஆத்தா" என்றேன்.

"கழுவுனியான்னு கேக்கல கண்ணு. ஆரு வாய்லன்னு கேட்டேன்."

எனக்குப் பதில் தெரியவில்லை. எங்களிடம் இருந்ததே கீழ்க் கடைவாய்ப் பல்லுக்கு இரண்டு ஃபோர்செப்ஸ். அன்று காலையிலிருந்து நான்கு பேருக்குப் பல் எடுத்திருந்தோம். எது யாருக்குப் போனது, எப்போது திரும்பி வந்தது என்று எந்தத் தாளிலும் எழுதி வைக்கவில்லை. பெரிய டாக்டர் பேச்சை மாற்றி ஊசி போட்டுவிட்டார். ஆத்தா பல்லை எடுத்துக்கொண்டு, பஞ்சைக் கடித்துக்கொண்டு போய்விட்டார். அந்தக் கேள்வி மட்டும் என்னிடமே தங்கிவிட்டது. பல் மருத்துவமனையின் பின்னறையில் கருவி கழுவும் வேலையில் எனக்கு இருபத்தொன்பது வருடம் ஓடிவிட்டது. அத்தனை வருடமும் அந்த ஆத்தாவுக்குப் பதில் தேடிக்கொண்டுதான் இருந்தேன் என்று இப்போது தோன்றுகிறது.

நான் இந்த வேலைக்கு வந்தது மில் மூடியதால். அப்பா சிங்காநல்லூர்ப் பக்கம் ஒரு நூல் மில்லில் மிசின் ஓட்டும் சைடர். மில் சங்கு நின்றுபோன வருடம், பிளஸ் டூ முடித்து வீட்டில் இருந்த என்னை, தெரிந்தவர் ஒருவர் பெரிய டாக்டரிடம் சேர்த்துவிட்டார். ஒரு நாற்காலி, ஒரு ஃபேன், முன்னால் ஒரு பெஞ்சு, பின்னால் ஒரு வாஷ்பேசின். அதுதான் மருத்துவமனை. முதல் நாள் போய் வந்து, "கழுவற வேலைதானுங்க அப்பா" என்று குறைபட்டுக்கொண்டேன். அவர் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "மில்லுல ஷிப்ட் முடியறதுக்கு முன்னால மிசின்ல இருக்கற பஞ்செல்லாம் தொடச்சு எடுத்துருவோம். என்ற மிசினை அடுத்த ஷிப்ட்காரன் தொடறப்ப, எனக்கு முன்னால ஒருத்தன் ஓட்டுனான்னே அவனுக்குத் தெரியக் கூடாது. கழுவற வேலைன்னா அதுதான்."

தொற்று பரவாமல் தடுப்பதைப் பற்றி நான் பின்னால் கேட்ட வகுப்புகள் எல்லாம் இதையேதான் நீட்டிச் சொன்னவை. ஒருவர் வாயில் இருந்தது இன்னொருவர் உடம்புக்குப் போகக் கூடாது. வருகிறவருக்கு, தனக்கு முன்னால் ஒருவர் அங்கே உட்கார்ந்திருந்த சுவடே இருக்கக் கூடாது.

அன்று எங்கள் முறை என்னவென்று ஒளிக்காமல் சொல்கிறேன். ஊரில் பல இடங்களில் அதுதான் முறை. பயன்படுத்திய கருவியைக் குழாயில் அலசுவோம். சோப்புப் போட்டுப் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்ப்போம். மின்சாரத்தில் கொதிக்கும் ஸ்டீல் தொட்டியில் இருபது நிமிடம் போடுவோம். எடுத்து, மருந்துத் தண்ணீர் ஊற்றிய ட்ரேயில் அடுக்குவோம். கூட்டம் அதிகமான நாளில் இருபது நிமிடம் பத்தாகும், பத்து ஐந்தாகும். கருவி பளபளவென்று இருக்கும். அந்தப் பளபளப்பைத்தான் சுத்தம் என்று நம்பினோம்.

கொதிக்கும் தண்ணீரின் சூடு 100 டிகிரி. பெரும்பாலான கிருமிகள் அதில் செத்துவிடும். ஆனால் சில பாக்டீரியாக்கள் காலம் சரியில்லை என்றால் ஓடு போர்த்திக்கொண்டு விதையைப் போல முடங்கிவிடும். ஸ்போர் என்பார்கள். அவற்றில் சில மணிக்கணக்கில் கொதிக்க வைத்தாலும் தாங்கும். இதெல்லாம் எனக்குத் தெரியவந்தது பிறகு. அதற்கு முன்னால் என் விரலில் குத்தியது.

புரோப் என்று ஒரு கருவி உண்டு. சொத்தை இருக்கும் இடத்தைக் குத்திப் பார்க்கும் வளைந்த ஊசிமுனை. நான்கைந்தை ஒன்றாகப் பிடித்துத் தேய்த்துக்கொண்டிருந்தேன். வெறுங்கை. ஒன்று நழுவி இடது ஆள்காட்டி விரலில் இறங்கியது. சிறு பொட்டாக ரத்தம். தண்ணீரில் கழுவிவிட்டு வேலையைத் தொடர்ந்தேன். சாயங்காலம் பேச்சோடு பேச்சாகச் சொன்னபோது பெரிய டாக்டரின் முகம் மாறியது. அன்று யார் யாருக்கு அந்தப் புரோப் போனது என்று கேட்டார். மறுபடியும் அதே கேள்வி, அதே பதில். தெரியாது.

மூன்று மாதம் கழித்து ஒன்று, ஆறு மாதம் கழித்து ஒன்று என்று ரத்தப் பரிசோதனைகள். அந்த ஆறு மாதம் நான் சரியாகத் தூங்கவில்லை. சுவரெல்லாம் எய்ட்ஸ் விளம்பரம் எழுதியிருந்த காலம் அது. இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலாகக் கண்டுபிடிக்கப்பட்டதே நம் சென்னையில்தான். 1986இல் டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி செல்லப்பன் நிர்மலாவும் கண்டறிந்தார்கள். அடுத்த பத்து வருடத்தில் அந்தப் பயம் எங்கள் வாஷ்பேசின் வரை வந்திருந்தது. ஆனால் பெரிய டாக்டர் பயந்தது வேறொன்றுக்கு. "எச்.ஐ.வி. இருக்கிறவர் ரத்தம் பட்ட ஊசி குத்தினால் ஆயிரத்தில் மூன்று பேருக்கு வரலாம். மஞ்சள் காமாலை பி வைரஸ் அப்படி இல்லை. நூற்றில் முப்பது பேருக்குக்கூட வரும். காய்ந்த ரத்தத்தில் ஏழு நாள் உயிரோடு இருக்கும். தண்ணி ஊத்திக் கழுவினா போயிடும்னு நெனைக்காத அம்மிணி" என்றார். அவர் செலவிலேயே தடுப்பூசி போட்டார். முதல் ஊசி, ஒரு மாதத்தில் இரண்டாவது, ஆறாம் மாதம் மூன்றாவது. அப்போது வெளிநாட்டு ஊசிதான், விலை அதிகம். 1997இல் ஹைதராபாத் சாந்தா பயோடெக்னிக்ஸ் நம் நாட்டிலேயே தயாரித்த பிறகுதான் என்னைப் போன்றவர்களுக்கும் எட்டுகிற விலைக்கு அது வந்தது.

எனக்கு ஒன்றும் வரவில்லை. பெரிய டாக்டர் கழுவுவதற்குத் தடித்த ரப்பர் கையுறை வாங்கித் தந்தார். நீளக் கைப்பிடி வைத்த பிரஷ் வந்தது. 1998இல் ஓர் ஆட்டோகிளேவும் வந்தது.

ஆட்டோகிளேவை வீட்டிலிருப்பவர்களுக்குப் புரிய வைப்பது எளிது. அது ஒரு குக்கர். இட்லிப் பானையில் ஆவி 100 டிகிரிக்கு மேல் போகாது. மூடியை இறுக்கி ஆவியை அடைத்தால் அழுத்தம் ஏறும், அழுத்தத்தோடு சூடும் ஏறும். 15 பவுண்டு அழுத்தத்தில் 121 டிகிரி. அந்தச் சூட்டில் ஈர ஆவி பட்டால் முடங்கிக் கிடக்கும் ஸ்போரும் பதினைந்து, இருபது நிமிடத்தில் செத்துப்போகும். பிரான்சில் விஞ்ஞானி பாஸ்டரோடு வேலை பார்த்த சார்லஸ் சாம்பர்லாண்ட் 1879இல் செய்த கருவி இது. எங்களுடையது கேஸ் அடுப்பிலும் வைக்கிற மாதிரி. பருப்பு வேக வைக்கும்போது ஆவி நன்றாக வந்த பிறகுதானே வெயிட்டைப் போடுகிறோம்? இதிலும் அப்படித்தான். உள்ளே இருக்கும் காற்றை ஆவி முழுக்க வெளியே தள்ள வேண்டும். காற்று தங்கிய இடத்தில் முள் 15 காட்டினாலும் சூடு 121 வராது. அந்த மூலையில் இருக்கும் கருவி சுத்தமாகாது. முதல் நாள் பெரிய டாக்டர் இதை எனக்கு மூன்று தடவை சொன்னார்.

2000 வாக்கில் நாமக்கல் பக்கத்து லாரி டிரைவர் ஒருவர் வந்தார். முகம் வீங்கி, வாயைத் திறக்க முடியாத நிலை. உட்கார்ந்ததும் தாழ்ந்த குரலில், "டாக்டருங்க, முன்னாடியே சொல்லீறனுங்க, எனக்கு எச்.ஐ.வி. இருக்குதுங்க. ரெண்டு எடத்துல பாக்க மாட்டேன்னுட்டாங்க" என்றார். பெரிய டாக்டர் அவரை நாற்காலியில் சாய்த்து, சீழை வடித்து, மருந்து எழுதி, வாரம் கழித்து வந்தபோது பல்லை எடுத்தார். எனக்குப் பயம்தான். கருவிகளை எடுத்துக்கொண்டு பின்னறைக்குப் போகும்போது கேட்டேன்.

"சார், இந்தச் செட்டை மட்டும் தனியா வச்சுக்கலாமுங்களா?"

"அவர் சொல்லிட்டு வந்தார். சொல்லாம வர்றவங்க, தனக்கே தெரியாம வர்றவங்க இன்னிக்கு எத்தனை பேர் உக்காந்தாங்கன்னு உனக்குத் தெரியுமா? இவருக்குத் தனியா ஒரு செட் வேணும்னா, மத்தவங்களுக்கு நாம கழுவறது சரியில்லைன்னு அர்த்தம். எல்லாருக்கும் ஒரே கழுவல்."

அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 1987இல் இதையே விதியாக எழுதியது என்று பிறகு படித்தேன். எல்லாருடைய ரத்தத்திலும் கிருமி இருப்பதாகவே வைத்துக்கொண்டு வேலை செய்ய வேண்டும். எச்.ஐ.வி. உள்ளவருக்கு மருத்துவத்தில் பாகுபாடு காட்டக் கூடாது என்று நம் நாட்டில் சட்டமே 2017இல் வந்துவிட்டது. எனக்கு அந்த விதியும் சட்டமும் அன்று பின்னறை வாசலில் அந்த மூன்று வார்த்தைகளாக வந்து சேர்ந்தன. அந்த டிரைவர் பிறகும் பல வருடம் எங்களிடம்தான் பல் பார்த்தார். எல்லாரும் உட்காரும் நாற்காலியில்தான் உட்கார்ந்தார்.

2004இல் பெரிய டாக்டரின் மருமகள் பொறுப்புக்கு வந்தார். டாக்டரம்மா என்றுதான் இன்றும் கூப்பிடுகிறேன். வந்த வாரமே என்னை நிற்க வைத்து நான் கழுவுவதைப் பார்த்தார். பிறகு பின்னறையை இரண்டாகப் பிரித்தார். தரையில் சிவப்புப் பெயின்டால் ஒரு கோடு. கோட்டுக்கு இந்தப் பக்கம் அழுக்கு, அந்தப் பக்கம் சுத்தம். அழுக்குக் கருவி எந்தக் காரணத்துக்காகவும் கோட்டைத் தாண்டாது. சுத்தமானது திரும்பி வராது.

அவர் கற்றுத்தந்த வேலை முறையை விவரமாகவே சொல்கிறேன். பல் மருத்துவமனையில் நாற்காலிக்கு முன்னால் நடப்பது எல்லாருக்கும் தெரியும். பின்னால் நடப்பதை யாரும் பார்த்ததில்லை.

கருவி வந்ததும் ரத்தம் காயக் கூடாது. காய்ந்த ரத்தம் சுண்ணாம்பு மாதிரி ஒட்டிக்கொள்ளும். உடனே என்சைம் கரைசலில் ஊறப் போட வேண்டும். இந்த என்சைம் ரத்தத்தையும் எச்சிலையும் கரைத்து இளக்கிவிடும். பிறகு அல்ட்ராசோனிக் தொட்டி. காதுக்குக் கேட்காத அதிர்வில் கண்ணுக்குத் தெரியாத குமிழ்கள் வெடித்து, கை போகாத இடுக்கில் இருக்கும் அழுக்கைக் கிளப்பிவிடும். அதன் பிறகும் ஒட்டியிருந்தால் பிரஷ். தேய்ப்பது தண்ணீருக்குள்ளேயே நடக்க வேண்டும், வெளியே தெறிக்கக் கூடாது. தடித்த கையுறை, கண்ணாடி, ஏப்ரன் இல்லாமல் கை வைக்கக் கூடாது. அலசி, துடைத்து, விளக்கு வெளிச்சத்தில் பூதக்கண்ணாடி வைத்து ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும்.

ஃபோர்செப்ஸின் மூட்டில்தான் அழுக்கு ஒளிந்திருக்கும். கடைவாய்ப் பல் ஃபோர்செப்ஸை நன்றாக விரித்து, மூட்டை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தால், சில நேரம் முடி அளவுக்குப் பழுப்புக் கோடு ஒன்று தெரியும். அது துருவா, ரத்தமா என்று என் கைக்குத் தெரியும். பல்லில் குடையும் பர் இன்னும் கஷ்டம். அரிசிமணியைவிடச் சிறிய தலை, அதில் வரிவரியாகப் பள்ளம், ஒவ்வொரு பள்ளத்திலும் பல் தூள். ரூட் கெனால் செய்யும் ஃபைல் அதைவிடக் கஷ்டம். கழுவுவதே நிச்சயமில்லை என்று டாக்டரம்மா அதை ஒருவருக்கே பயன்படுத்தித் தூக்கிப் போட்டுவிடுவார். அழுக்கு மிச்சமிருக்கும் கருவியை எத்தனை டிகிரியில் வேக வைத்தாலும் பயனில்லை. அழுக்கே கிருமிக்குக் குடை பிடிக்கும். ஆட்டோகிளேவ் என் கழுவலைச் சரி செய்துவிடாது.

கழுவிக் காய்ந்த கருவியைத் தாள் பவுச்சில் போட்டு, மூட்டைத் திறந்தே வைத்து, ஓரம் ஒட்டி, மேலே தேதி எழுதி, ஒன்றன்மேல் ஒன்று அமுங்காமல் அடுக்கி வைக்க வேண்டும். ஆட்டோகிளேவ் முடிந்ததும் பவுச் காயும் வரை வெளியே எடுக்கக் கூடாது. ஈரத் தாள் வழியே கிருமி உள்ளே போய்விடும். அடுத்தவர் வந்து உட்கார்ந்த பிறகு, அவர் கண்ணெதிரே பவுச்சைக் கிழிக்க வேண்டும்.

எல்லாவற்றையும் வேக வைக்க வேண்டியதில்லை. ஏர்ல் ஸ்பால்டிங் என்ற அமெரிக்கர் இதற்கு ஒரு வகைப்பாடு சொன்னார். சதையையோ எலும்பையோ கிழித்து உள்ளே போவது ஒரு வகை. வாயின் உட்தோலைத் தொடுவது இரண்டாம் வகை. வெளித்தோலை மட்டும் தொடுவது மூன்றாவது. நாற்காலிக் கைப்பிடியும் விளக்கின் பிடியும் மூன்றாம் வகை. துடைத்து, உறை போட்டால் போதும். முதல் இரண்டும், சூடு தாங்குமென்றால், ஆட்டோகிளேவுக்குத்தான் போக வேண்டும். குளுட்டரால்டிஹைடு என்ற கரைசலில் ஊறப் போடும் பழக்கம் இன்னும் பல இடங்களில் இருக்கிறது. கண் எரியும், மூக்கு எரியும், இருபது நிமிடம் போட்டு எடுத்துவிடுவார்கள். இருபது நிமிடத்தில் ஸ்போர் சாகாது. அதற்குப் பத்து மணி நேரம் ஊற வேண்டும்.

டாக்டரம்மா வந்த பிறகுதான் ஏரோட்டரும் ஆட்டோகிளேவுக்குப் போனது. பல் குடையும் அந்தக் கருவி நிமிடத்துக்கு மூன்று, நான்கு லட்சம் சுற்று சுற்றும். சுற்று நிற்கும் நொடியில் வாயிலிருக்கும் எச்சிலைக் கொஞ்சம் உள்ளே இழுத்துக்கொள்ளும். அதுவரை நாங்கள் ஸ்பிரிட்டால் வெளியே துடைத்து அடுத்தவர் வாயில் வைத்துக்கொண்டிருந்தோம். இப்போது ஒவ்வொருவருக்கும் ஒன்று. கழற்றுவதற்கு முன் அரை நிமிடம் தண்ணீரைப் பீய்ச்சி விட்டு, எண்ணெய் போட்டு, பவுச்சில் அடைத்து ஆட்டோகிளேவ். ஒரு ஏரோட்டர் இருந்த இடத்தில் ஆறு வாங்க வேண்டியிருந்தது. அந்த வருடம் டாக்டரம்மா புதிய எக்ஸ்ரே மெஷின் வாங்குவதைத் தள்ளி வைத்தார்.

கோவைக்காரர்களுக்குத் தண்ணீரைப் பற்றிச் சொல்லித்தர வேண்டியதில்லை. சிறுவாணித் தண்ணீர் வரும் நாள் ஒரு நாள், போர் தண்ணீர் வரும் நாள் வேறு நாள். போர் தண்ணீரை ஊற்றினால் ஆட்டோகிளேவின் உட்சுவரில் ஒரு மாதத்தில் வெள்ளை உப்புப் பாறை பிடிக்கும், வால்வு அடைக்கும். அதனால் டிஸ்டில்ட் வாட்டர் மட்டும்தான். பேட்டரிக் கடை கேனை நான்தான் ஸ்கூட்டியில் வைத்துக் கொண்டுவருவேன்.

இனி சொல்லப்போவது என் தவறு. 2009ஆம் வருடம். டாக்டரம்மா சுற்றுவட்டாரக் கிராமப் பள்ளிகளில் இலவசப் பல் முகாம் நடத்திக்கொண்டிருந்தார். ஒரு முகாம் என்றால் எண்பது, தொண்ணூறு செட் கருவி வேண்டும். நான் ராத்திரி உட்கார்ந்து ஆட்டோகிளேவை நிறைத்தேன். நேரம் மிச்சமாகும் என்று பவுச்சுகளை நெருக்கி, ஒன்றன்மேல் ஒன்றாக அமுக்கி அடுக்கினேன். முள் 15 காட்டியது. வெளியே ஒட்டிய டேப்பில் கறுப்புக் கோடு விழுந்தது. எல்லாம் சரியென்றே நினைத்தேன்.

மாதத்துக்கு ஒருமுறை நாங்கள் ஸ்போர் சோதனை செய்வோம். சுண்டுவிரல் நீளக் குப்பி ஒன்று. உள்ளே ஊதா நிறத் திரவமும், மனிதருக்குத் தீங்கு செய்யாத, ஆனால் சூட்டை அதிகம் தாங்கும் ஒரு ஸ்போரும் தனித்தனியாக இருக்கும். கருவிகளின் நடுவில் வைத்து வேக வைத்து, எடுத்து அமுக்கினால் இரண்டும் கலக்கும். பிறகு 56 டிகிரி சூட்டுப் பெட்டியில் வைத்துக் காத்திருக்க வேண்டும். ஊதா அப்படியே இருந்தால் ஸ்போர் செத்துவிட்டது. மஞ்சளானால் உயிரோடு வளர்கிறது.

அந்த மாதக் குப்பியை அப்படி நெருக்கி அடுக்கிய சுற்று ஒன்றில்தான் வைத்திருந்தேன். காலையில் பெட்டியைத் திறந்தேன். மஞ்சள். எலுமிச்சம்பழ மஞ்சள். குப்பியைக் கையில் வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியவில்லை. அதுவரை அந்தக் குப்பி ஒருநாளும் நிறம் மாறியதில்லை. வெளியே டேப் கறுத்திருந்தது, ஆவி உள்ளே போகவில்லை. சூடு பட்டது என்பதை மட்டும்தான் அந்த டேப் சொல்லும். உள்ளே நெருக்கி வைத்த கருவிக்கு ஆவி போய்ச் சேர்ந்ததா என்று அதற்குத் தெரியாது.

டாக்டரம்மா அன்றைக்கு மருத்துவமனையை மூடினார். அலமாரியில் இருந்த பவுச் அத்தனையையும் பிரித்து, புதுப் பவுச்சில் போட்டு, இடைவெளி விட்டு அடுக்கி மறுபடி வேக வைத்தோம். மறுசோதனையில் குப்பி ஊதாவாகவே இருந்தது. மெஷினில் கோளாறு இல்லை, என் அடுக்கலில்தான் கோளாறு. ஆனால் முந்தைய சோதனைக்கும் இதற்கும் இடையில் முப்பது நாள். அந்த முப்பது நாளில் எந்தப் பவுச் நெருக்கி அடுக்கியதில் வந்தது, அது யார் வாய்க்குப் போனது? நோட்டைப் புரட்டினேன். தேதி இருந்தது. வேறு ஒன்றும் இல்லை. காங்கேயத்து ஆத்தா கேட்ட கேள்வி பதிமூன்று வருடம் கழித்து மறுபடியும் என் முன்னால் வந்து நின்றது.

அந்த மாதம் பல் எடுத்த, அறுவை செய்த ஒவ்வொருவரையும் டாக்டரம்மா தானே போனில் அழைத்தார். நடந்ததை மறைக்காமல் சொன்னார். ஆபத்து மிகக் குறைவு, இருந்தாலும் ரத்தப் பரிசோதனை செய்துகொள்ள விரும்பினால் செலவு எங்களுடையது என்றார். சிலர் வந்தார்கள், சிலர் நன்றி சொன்னார்கள், சிலர் அதன் பிறகு எங்களிடம் வரவேயில்லை. பரிசோதித்தவர் யாருக்கும் எதுவும் இல்லை. என்னை அவர் திட்டவில்லை. ஒரு புதிய பேரேடு வாங்கி என் முன்னால் வைத்தார். அன்றிலிருந்து ஒவ்வொரு ஆட்டோகிளேவ் சுற்றுக்கும் ஓர் எண். அந்த எண் ஒவ்வொரு பவுச்சின் மேலும் எழுதப்படும். பவுச்சைக் கிழிக்கும்போது அதே எண் நோயாளியின் அட்டையில் ஏறும். ஒவ்வொரு பவுச்சின் உள்ளேயும் ஆவி பட்டால் நிறம் மாறும் பட்டை ஒன்று. ஸ்போர் சோதனை வாரம் தவறாமல். இன்று யாராவது அந்தக் கேள்வியைக் கேட்டால் அந்தக் கருவி எந்த நாள், எந்தச் சுற்றில், யார் கையால் வெந்தது என்று இரண்டு நிமிடத்தில் சொல்வேன்.

2012இல் மின்வெட்டு வந்தது. கோவையில் ஒரு நாளில் பாதிக்கும் மேல் கரண்ட் இருக்காது. லேத்துப் பட்டறைகள் ராத்திரியில் ஓடின, நானும் ராத்திரியில் வேக வைத்தேன். பாதிச் சுற்றில் கரண்ட் போனால் மிச்சத்தை மட்டும் ஓட்ட முடியாது, முதலிலிருந்து தொடங்க வேண்டும். டாக்டரம்மா பரணிலிருந்து பெரிய டாக்டரின் கேஸ் அடுப்பு ஆட்டோகிளேவை இறக்கினார். ரப்பர் காஸ்கெட்டை மாற்றி, ஸ்போர் குப்பி வைத்துச் சோதித்து, ஊதா நின்ற பிறகுதான் அதைத் தொட விட்டார். அந்த வருடம் எத்தனையோ நாள் கருவி போதாமல் வந்தவர்களைத் திருப்பி அனுப்பினோம். அரைவேக்காட்டுக் கருவியோடு ஒருவரையும் உட்கார வைக்கவில்லை.

வாணியம்பாடிச் செய்தியை டாக்டரம்மா எனக்குப் படித்துக் காட்டியது போன வருடம். திருப்பத்தூர் மாவட்டம் வாணியம்பாடியில் 2023இல் ஒரு பல் மருத்துவமனைக்குப் போய் வந்தவர்களில் 10 பேருக்கு மூளைத் தொற்று வந்தது. 8 பேர் இறந்துபோனார்கள். வேலூர் சி.எம்.சி.யும், சென்னையிலுள்ள ஐ.சி.எம்.ஆரின் தேசிய தொற்றுநோயியல் நிறுவனமும், மாநிலப் பொதுச் சுகாதாரத் துறையும் சேர்ந்து துப்புத் துலக்கி, லான்செட் குழும இதழ் ஒன்றில் 2025இல் வெளியிட்டார்கள். மெலியோய்டோசிஸ் என்ற நோய். மண்ணிலும் தண்ணீரிலும் வாழும் ஒரு பாக்டீரியாவால் வருவது. அந்த மருத்துவமனையில் பயன்பாட்டில் இருந்த சலைன் பாட்டிலில் அந்தப் பாக்டீரியா கிடைத்தது. பாட்டிலைப் பெரியாஸ்டியல் எலிவேட்டரால் குத்தித் திறந்து, பஞ்சால் லேசாக அடைத்து வைத்து, திரும்பத் திரும்ப எடுத்துப் பயன்படுத்தியிருக்கிறார்கள்.

பெரியாஸ்டியல் எலிவேட்டர் எலும்பிலிருந்து ஈறைப் பிரித்து எடுக்கும் தட்டையான கருவி. ஆயிரக்கணக்கில் கழுவியிருக்கிறேன். டாக்டரம்மா படித்து முடித்ததும் எனக்குப் பேச்சு வரவில்லை. ஏனென்றால் 1996இல் எங்கள் மேஜையிலும் ஒரு சலைன் பாட்டில் இருந்தது. மூடியில் ஓர் ஊசியைக் குத்தி அப்படியே விட்டுவிடுவோம். நாள் முழுக்க அதிலிருந்துதான் எல்லார் புண்ணுக்கும் சலைன். தீரும் வரை, மறுநாளும் அதே பாட்டில். மரத்துப்போகச் செய்யும் மருந்துக் குப்பியும் அப்படித்தான், பலருக்கு ஒன்று. எங்களிடம் எதுவும் நடக்கவில்லை. அதற்கு எங்கள் நேரம்தான் காரணம், எங்கள் சுத்தம் இல்லை. வாணியம்பாடியில் அந்தப் பாட்டிலைக் குத்தித் திறந்த கை எந்தக் கெட்ட எண்ணத்தோடும் திறந்திருக்காது. ஆத்திர அவசரத்தில், கையில் கிடைத்ததை எடுத்து, எப்போதும் செய்கிற மாதிரி செய்திருக்கும். நான் செய்த மாதிரி. நாங்கள் இப்போது ஒருவருக்கு ஒரு சலைன் பாட்டில்தான் உடைக்கிறோம். மிச்சத்தைக் கொட்டிவிடுகிறோம். மருந்துக் குப்பியில் புது ஊசி, புது சிரிஞ்சு இல்லாமல் கை வைப்பதில்லை.

இந்த வேலையில் எனக்கு ஒரு மனக்குறை உண்டு, சொல்லிவிடுகிறேன். 1948ஆம் வருடப் பல் மருத்துவர் சட்டம் மருத்துவருக்கும் ஹைஜீனிஸ்டுக்கும் மெக்கானிக்குக்கும் பதிவேடு வைத்தது. நாற்காலிக்குப் பக்கத்தில் நின்று, பின்னறையில் கழுவுகிற என் போன்ற உதவியாளருக்கு அதில் இடம் இருக்கவில்லை. பிளஸ் டூ முடித்த ஒரு பெண்ணை வேலைக்கு எடுத்து, முன்னால் இருந்தவளிடம் ஒரு வாரம் பார்த்துக் கற்றுக்கொள் என்று விட்டுவிடுகிறார்கள். முன்னால் இருந்தவளுக்கு யார் கற்றுத்தந்தார்கள் என்று கேட்பதில்லை. தடுப்பூசி போட்டார்களா என்று கேட்பதில்லை. ஆட்டோகிளேவ் வாங்க லட்சம் செலவழிப்பவர்கள், அதை அடுக்கும் கைக்கு ஆறு மாதம் பயிற்சி கொடுத்தால், மஞ்சள் குப்பியைப் பார்த்து நான் நின்ற மாதிரி இன்னொருத்தி நிற்க வேண்டியிருக்காது. நோயாளிகளும் கேட்க வேண்டும். பவுச்சை என் முன்னால் கிழியுங்கள் என்று கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றுமில்லை. நல்ல மருத்துவர் அதைக் கேட்டுச் சந்தோஷப்படுவார்.

ஆறு மாதத்துக்கு முன் திருப்பூர்ப் பக்கமிருந்து ஒரு பெண் எனக்குக் கீழே வேலைக்குச் சேர்ந்தாள். பத்தொன்பது வயது. மூன்று தடுப்பூசியும் போட்ட பிறகுதான் கருவியைத் தொட விட்டேன். பேரேட்டை எழுத அவளுக்குச் சலிப்பு. ஒருநாள் கேட்டாள்.

"அக்கா, தெனமும் இத்தனையும் எழுதோணுமுங்களா? இதை ஆருங்க பாக்கறாங்க?"

"ஆரும் பாக்க மாட்டாங்க சாமி. பாக்க வேண்டி வந்துச்சுன்னா அன்னிக்கு இது இருக்கோணும்."

அவள் ஒன்றும் சொல்லவில்லை. அன்று மாலை கடைசிச் சுற்றுக்கு அவளே பவுச்சுகளை அடுக்கினாள். நான் தள்ளி நின்று பார்த்தேன். அமுக்கி வைக்க இடம் இருந்தும் இரண்டு பவுச்சை எடுத்து வெளியே வைத்தாள். "நெருக்கமா இருக்குதுங்கக்கா, நாளைக்குப் போட்டுக்கலாமுங்க" என்றாள். மூடியை இறுக்கிவிட்டுப் பேனாவை எடுத்து அந்தச் சுற்றின் எண்ணை எழுதினாள். பக்கத்தில் தன் பெயரையும் எழுதினாள்.